கூலி உயர்ந்தால் விலை உயருமாம்!

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்கின்ற பேச்சு எந்த நாட்டில் எந்தக் காலத்தில் எழுந்தாலும், அதன் கூடவே ஒரே மாதிரியான ஒரு கூப்பாடும் எழுவது வழக்கமாய் இருந்து வருகிறது. அதாவது, "கூலியை உயர்த்தினால் சாமான்களின் விலை உயர்ந்துவிடும், விலை உயர்ந்தால் கஷ்டப்படப் போகிறவர்கள் ஏழைகளேயாவார்கள், ஆகையால் ஏழைகளின் நன்மையை உத்தேசித்தே கூலியை உயர்த்தக் கூடாது" என்பதாகும். ஏழைக்கு வயிறாரக் கூலி கொடுக்காமல் இருப்பதுதான் ஏழைக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்கின்ற இந்த அதிசயமான தர்மத்தைக் கண்டுபிடித்தவர்கள் கூலி வாங்குகிறவர்கள் அல்ல, கூலி கொடுக்க வேண்டியவர்களே என்பது முதலாவதாகக் கவனிக்கத்தக்கதாகும்.

ஆனாலும் ஒரு வாதத்தை முதலாளி சொன்னான் என்பதற்காகத் தள்ளிவிடுவதும், தொழிலாளி சொன்னான் என்பதற்காக ஒப்புக்கொள்ளுவதும் பகுத்தறிவுக்கு அடுத்த காரியமாகாது. ஆகவே இந்த வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு புரட்டு இருக்கிறது என்பதைக் கணக்கைக் கொண்டும் அனுபவத்தைக் கொண்டும் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரு சாமான் கடையில் 100 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த நூறு ரூபாயும் கூலியாய்ப் போய்விடுவதில்லை. அதில் சரக்கு வாங்கின பணம் உண்டு; இடத்து வாடகை உண்டு; கடன் வட்டி உண்டு; வண்டிச் சத்தம் உண்டு; தரகு உண்டு; வரி உண்டு; முதலாளியின் லாபம் உண்டு. இவையெல்லாம் போக வேலை செய்தவர்களின் கூலி 20 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இப்போது சட்டம் வந்து கூலியை 100-க்கு 25 வீதம் உயர்த்திவிட்டது. 20 ரூபாய் கூலி 25 ரூபாய் ஆயிற்று. முதலாளி தன் லாபத்தில் ஒரு காசுகூட விட்டுக்கொடுக்காமல் அவ்வளவையும் வாங்குகிறவன் தலையிலேயே கட்டினாலும், 100 ரூபாய் சாமான் 105 ரூபாய்தான் ஆக வேண்டும். அதாவது கூலி 100-க்கு 25 ஏறினால் விலை 100-க்கு 5 ஏறுகிறது. தொழிலாளி தன் கூலி முழுவதையும் அந்த ஒரே சாமானுக்குச் செலவழிப்பவனும் அல்ல. ஆகவே இந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அவனுக்கு லாபமே ஒழிய நஷ்டமில்லை.

ஆனால் நடப்பது என்ன? கூலி உயர்ந்தது என்று சொல்லி வியாபாரி அந்தச் சாமானை 115 ரூபாய்க்கு விற்கிறான். 5 ரூபாய் தொழிலாளிக்குப் போயிற்று. மீதி 10 ரூபாய் எங்கே போயிற்று? வாங்குகிறவனோ அந்தப் பத்து ரூபாயையும் சேர்த்துத் தொழிலாளியைத்தான் வைகிறான். தின்றவன் ஒருவன், பழி சுமப்பவன் மற்றொருவன் என்றால் இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

அன்றியும், கூலி ஒன்றுதானா விலையில் அடங்கியிருக்கிறது? கடைவீதியில் வாடகை இரட்டிப்பாகும்போது "ஐயோ, விலைவாசி ஏறிவிடுமே, வாடகைக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும்" என்று எந்த வியாபாரச் சங்கமாவது தீர்மானம் போட்டதுண்டா? வட்டி ஏறும்போதும், தரகு ஏறும்போதும், கம்பெனி பங்குதாரர்களுக்கு லாபப்பங்கு ஏறும்போதும் ஏழைகளின் பேரில் இவர்களுக்கு இரக்கம் வருவதில்லை. கூலி ஏறும்போது மாத்திரம் அந்த இரக்கம் பொங்கி வழிகிறது. இது நாம் புதிதாய்க் கண்டுபிடித்த குற்றமல்ல. வியாபார சுதந்திரத்துக்கு வாதாடுகிறவர்களெல்லாம் தங்கள் குருவாகக் கொண்டாடுகிற ஆடம் ஸ்மித் என்பவரே, வியாபாரிகள் கூலி உயர்வால் விலை உயர்வதைப் பற்றிக் குறை சொல்லுகிறார்களே தவிர, தங்கள் லாப உயர்வால் விலை உயர்வதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று 1776-ம் வருஷத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி அனுபவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் 1992-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக, அதாவது 100-க்கு 19 வீதம், உயர்த்தப்பட்டது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியாவில் உயர்த்தப்படவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்கின்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இரு பக்கத்திலுமாக 410 சாப்பாட்டுக் கடைகளை விசாரித்து 1994-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், நியூஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும், சாப்பாட்டு விலை பென்சில்வேனியாவைவிட 100-க்கு 4 வீதம் போல அதிகம் ஏறிற்று என்பதுமாகும். வேலை விஷயமான முடிவை வேறு பேராசிரியர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு வருஷக்கணக்காய் நடந்தது. கார்டு அவர்களுக்கு 2021-ல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. எப்படியிருந்தாலும் கூலி ஏறினது 19, விலை ஏறினது 4 என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

ஹங்கேரி தேசத்தில் நடந்தது இதைவிடப் பெரிய பரீட்சையாகும். அங்கே மாதம் 25,500 பாரிண்டாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2001-ல் 40,000 ஆகவும், 2002-ல் 50,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. இதன் பலனைப் பற்றிப் பேட்டர் ஹராஸ்டோஷி, ஆட்டிலா லிண்ட்னர் என்பவர்கள் கம்பெனிகளின் கணக்குகளைக் கொண்டே ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அதிகமாய்க் கொடுக்கப்பட்ட கூலியில் சுமார் முக்கால் பங்கு விலை உயர்வின் மூலம் வாங்குகிறவர்களிடமிருந்தும், கால் பங்கு முதலாளிகளின் லாபத்திலிருந்தும் வந்தது என்றும், வேலை இழந்தவர்கள் சொற்பமே என்றும், வெளிநாட்டுச் சந்தையில் போட்டி போட்டு விற்க வேண்டிய தொழில்களில் மாத்திரம் அந்த இழப்பு சற்று அதிகம் என்றும் சொன்னார்கள்.

ஆகவே விலை ஏறவே ஏறாது என்று நாம் சொல்ல வரவில்லை. சில சாமான்களில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறட்டுமே, அதனால் என்ன முழுகிப் போயிற்று என்றுதான் கேட்கிறோம். ஹோட்டலில் சாப்பிடுகிறவன் முன்பு 40 ரூபாய் கொடுத்த பலகாரத்துக்கு இப்போது 42 ரூபாய் கொடுக்கிறான். அந்த 2 ரூபாயை முன்பு யார் கொடுத்துக் கொண்டிருந்தார்கள் என்பதை யாராவது யோசித்துப் பார்த்ததுண்டா? மாவாட்டினவனும், பரிமாறினவனும், எச்சில் இலை எடுத்தவனும், பாத்திரம் துலக்கின பெண்பிள்ளையும்தான் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் பாலிலிருந்தும், பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்திலிருந்தும், காய்ச்சலுக்கு வாங்காமல் விட்ட மருந்திலிருந்தும் எடுத்துக் கொடுத்து வந்தார்கள். மலிவு விலை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. அது பெரும்பாலும் ஓர் ஏழை, தன்னைவிட வசதியுள்ளவனுக்குத் தினந்தோறும் செய்து வந்த தர்மமேயாகும். அந்தத் தர்மத்தை இனிச் செய்ய முடியாது என்று அவன் சொன்னால் அதற்குப் பெயர் விலைவாசி உயர்வாம்!

இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டின் பின்புறத்துப் பட்டறைகளில் இரும்புச் சங்கிலி அடித்து வந்தார்கள். வாரம் முழுவதும் சம்மட்டி பிடித்தாலும் 5 ஷில்லிங் போலத்தான் கிடைக்கும். 1909-ம் வருஷத்துத் தொழில் போர்டுச் சட்டப்படி அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று கூலி நிர்ணயமாயிற்று. ஏறக்குறைய இரட்டிப்பு. முதலாளிகள் என்ன செய்தார்கள்? சட்டத்தில் இருந்த ஆறு மாத தவணையைப் பயன்படுத்திக்கொண்டு, பழைய கூலிக்கே வேலை செய்யச் சம்மதம் என்று எழுதிய காகிதத்தில், படிக்கத் தெரியாத அந்தப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். மேரி மெக்கார்தர் அம்மையார் தலைமையில் 1910-ல் பெண்கள் பத்து வாரம் வேலை நிறுத்தம் செய்து முதலாளிகளை இணங்க வைத்தார்கள். சங்கிலி வியாபாரம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நடந்துதான் வந்தது.

"சம்மதத்தின் பேரில்தானே வேலை செய்கிறான், இதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்பது சாதாரண ஆட்சேபணையல்ல. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 1923-ல் ஒப்பந்த சுதந்திரம் என்கின்ற பெயரால் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைச் செல்லாது என்றது. பிறகு 1937-ல், ஓட்டலில் அறை துப்புரவு செய்து வந்த ஒரு பெண்மணியின் வழக்கில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. பட்டினி கிடப்பவனுக்கும் பண்டசாலை வைத்திருப்பவனுக்கும் நடக்கும் ஒப்பந்தத்தில் சுதந்திரம் யாருக்கு இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளக் கோர்ட்டுக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது.

நிற்க, எதிர்க்கட்சிக்கு நியாயம் செய்யும் பொருட்டு மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். கூலியை ஒரு நாட்டின் உற்பத்தி நிலைமைக்குச் சிறிதும் பொருந்தாத அளவுக்கு ஒரே நாளில் உயர்த்தினால் கெடுதி உண்டாகும் என்பது உண்மையே. 1938-ல் அமெரிக்காவில் மணிக்கு 25 சென்ட் என்று ஏற்படுத்திய சட்டம், அதைவிட வெகு குறைந்த கூலி நடந்து வந்த போர்ட்டோரிக்கோ தீவிலும் அப்படியே புகுத்தப்பட்டதால், அங்கே தையல் வேலை செய்து பிழைத்த ஏராளமான பெண்கள் வேலை இழந்தார்கள். 1940-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இதிலிருந்து ஏற்படுவது, அளவை யோசித்து நிர்ணயம் செய்ய வேண்டும் என்பதே தவிர, நிர்ணயமே கூடாது என்பதல்ல. மருந்து அளவு மீறினால் கெடுதி என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்று புத்தியுள்ள எவனும் சொல்லமாட்டான்.

இனி, கூலியால் விலை ஏறுகிறதா அல்லது விலை ஏறி வெகுநாள் சென்ற பிறகு கூலி நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறதா என்பதைப் பார்ப்போம். இதற்கு நம்மவர்கள் ரத்தம் சிந்திய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. அங்கே இந்தியக் கூலிகளுக்காக 1927-ல் 27-வது நெம்பர் ஆர்டினன்ஸ் ஏற்பட்டு, 1929 முதல் மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சென்ட், பெண்ணுக்கு 43 சென்ட், குழந்தைக்கு 32 சென்ட் தினக்கூலியாயிற்று. தேயிலைக்கு விலை போடுவது கண்டியிலுள்ள தமிழனின் கூலி அல்ல, லண்டன் ஏலக்கடையாகும். 1930-ஐ அடுத்த வருஷங்களில் அந்த ஏலத்தில் விலை விழுந்தது. உடனே இங்கே கூலியை வெட்டினார்கள். விலை விழுந்தால் கூலி விழ வேண்டும். ஆனால் விலை ஏறினால் மாத்திரம் கூலி தானாக ஏறாது. இதுதான் இவர்களுடைய பொருளாதார சாஸ்திரம்.

அதே தோட்டங்களில் 2021-ல்தான் தினக்கூலி 1,000 ரூபாய் என்று சம்பளச் சபை மூலம் ஏற்பட்டது. அதையும் எதிர்த்துத் தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அடுத்த வருஷம் நடந்தது என்ன? அந்நியச் செலாவணி தீர்ந்து, நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தின வருஷத்தைவிட 100-க்கு சுமார் 70 வீதமும், உணவுப் பொருள்கள் சுமார் 95 வீதமும் ஏறின. இந்த ஏற்றத்தைக் கொழுந்து பறிக்கிற பெண்ணின் கூலியா உண்டாக்கிற்று? அவள் கூலி அதே 1,000 ரூபாயாக நின்றது. 2024-ல்தான் 1,350 ஆயிற்று. கூலி நின்ற இடத்தில் நிற்க, விலை மாத்திரம் பறந்தது என்றால், கூலிதான் விலையைத் தூக்குகிறது என்பவர்களின் வாயில் போட இதைவிட வேறு பூட்டு எதற்கு?

இந்தியாவிலும் பஞ்சப்படி என்பது விலைவாசிக் கணக்கு வெளிவந்த பிறகு, அதைப் பார்த்துக் கொடுக்கப்படுவதே தவிர, விலை ஏறுவதற்கு முன்பாக யாரும் கொடுப்பதில்லை.

மேலும், விலை விலை என்பவர்களின் உள்ளெண்ணம் விலையே அல்ல என்பதற்கு மற்றொரு ருஜு உண்டு. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே கொடுக்கப்பட்டு வந்தது. களத்திலேயே அளந்து போடுகிற நெல்லில் ஒரு படி கூடப் போட்டால் எந்தச் சாமானின் விலை ஏறிவிடும்? ஊரில் விளைந்த நெல் அவ்வளவும் ஊரில்தான் இருக்கிறது. மிராசுதார் குதிருக்குப் போவதில் கொஞ்சம் பண்ணையாள் பானைக்குப் போகிறது, அவ்வளவுதானே? அப்படியிருந்தும், உழுது நட்டு அறுக்கிறவர்கள் சங்கம் சேர்ந்து நெல் கூலியைக் கூட்டிக் கேட்டதை ஒட்டி எழுந்த தகராறில்தான் 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் கொளுத்தப்பட்டார்கள். அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பார். அங்கே எரிந்தது விலைவாசிப் பயமல்ல. "இவன் யார் கூலி பேசுவதற்கு? போட்டதை வாங்கிக்கொண்டு போக வேண்டியவனல்லவா?" என்கின்ற ஜாதி ஆணவமேயாகும். அதற்குப் பிறகுதான் கமிஷன் வைத்து, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவிலும் 1938-ம் வருஷச் சட்டத்தில் வயல் வேலைக்காரரையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கி வைத்தார்கள். தெற்கு மாகாணங்களில் அந்த வேலைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பெண்களின் கதையும் இப்படியேயாகும். மேலே சொன்ன 54-க்கும் 43-க்கும் என்ன வித்தியாசம்? கொழுந்தைக் கிள்ளுவது பெரும்பாலும் பெண். தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவள் விரல். கூலியில் மட்டும் 11 சென்ட் குறைவு. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி ஏற்பட 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விலையில் ஆண் பறித்த தேயிலை, பெண் பறித்த தேயிலை என்று பேதம் உண்டா?

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏற்பட்டது. 1957-ல் கூடிய இந்தியத் தொழிலாளர் மகாநாடு, சம்பாதிப்பவன் ஒருவனை நம்பி மூன்று பங்கு வாழ வேண்டும், பங்கு ஒன்றுக்குத் தினம் 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வாடகை, விறகு விளக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு அதன்மேல் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை முதலியவைகளுக்காக 100-க்கு 25 சேர்க்க வேண்டும் என்றது. உயிர் வாழ்வதற்கான கூலிகூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடப்பதற்கே உரிமையில்லை என்று 1958-லும், சட்டக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய வேலையே என்று 1982-லும் அதே கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏட்டில் எல்லாம் அழகாகவே இருக்கிறது.

ஆனால் காரியத்தில்? 2019 ஜனவரியில் சர்க்கார் நியமித்த நிபுணர் கமிட்டியே தேசம் முழுமைக்கும் தினம் 375 ரூபாயாவது அடிமட்டக் கூலியாய் இருக்க வேண்டும் என்று கணக்குக் காட்டிற்று. அதே வருஷம் ஜூலையில் 176 ரூபாயாக இருந்த அடிமட்டம் 178 ரூபாய் ஆக்கப்பட்டது. இரண்டு ரூபாய்! இந்த இரண்டு ரூபாயில்தான் தேசத்தின் விலைவாசி வெடித்துவிடும் என்று பயந்தார்கள் போலும். பிறகு 1948-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் அடிமட்டக் கூலிக்குச் சட்ட பலம் கொடுக்கப்பட்டிருப்பது நல்ல காரியமே. ஆனால் அந்த அடிமட்டம் எத்தனை ரூபாய் என்பதிலும், கணக்கு நோட்டில் ஒரு கூலியும் கையில் ஒரு கூலியும் கொடுக்கிற பித்தலாட்டத்தைப் பிடிப்பதற்கு ஆள் உண்டா என்பதிலும்தான் சட்டத்தின் யோக்கியதை அடங்கியிருக்கிறது.

தோழர்களே! கூலி என்பது பூர்வ ஜன்ம பலனல்ல, தலையெழுத்துமல்ல. மனிதன் நிர்ணயிப்பது, மனிதன் மாற்றக் கூடியது. ஆகவே கூலி வாங்குகிறவர்கள் தங்கள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். வாசித்துப் பார்க்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். சாமான் வாங்குகிறவர்கள், "கூலி ஏறிவிட்டது" என்று வியாபாரி சொன்னால், எவ்வளவு ஏறிற்று, அதற்கு எவ்வளவு விலை கூட்டினாய் என்று கணக்குக் கேளுங்கள்.

கடைசியாக, நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து சமத்துவத்துக்குக் கைதட்டுகிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். உங்கள் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கும், உங்கள் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாளுக்கும் நீங்கள் கொடுப்பது என்ன என்பதை இன்று இரவே கணக்குப் பார்த்து, அந்தத் தொகையில் உங்கள் சொந்தக் குடும்பம் ஒரு மாதம் ஜீவிக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால், சட்டம் வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே கூட்டிக் கொடுங்கள். அப்படிக் கொடுக்க மனமில்லாதவர்கள் மேடையில் சமத்துவம் பேசுவதை நிறுத்திக் கொள்ளுவது யோக்கியமான காரியமாய் இருக்கும் என்று தெரிவித்துக் கொள்ளுகிறோம்.